எஸ்டேட் சேலில் கிடைத்த வெள்ளை மாளிகைப் பேனா அசல்தானா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் ஒரு முதிய பெண்மணி காலமான பிறகு அவர் வீட்டுப் பொருள்களை விற்ற எஸ்டேட் சேலில், பழைய புத்தகங்களோடு சேர்த்து ஒரு பேனாவை 40 டாலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல், அதில் "அதிபர், வெள்ளை மாளிகை" என்ற ஆங்கில எழுத்து, எஃகு நிப்பு, கூடவே ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சீட்டு: 1965 அக்டோபர் 3 அன்று எச்.ஆர். 2580 மசோதாவில் கையெழுத்திட அதிபர் பயன்படுத்திய பேனாக்களில் ஒன்று. இது அசலா, நிப்பைக் கழுவி எழுதிப் பார்க்கலாமா, என்ன விலை போகும் என்று மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "என் அப்பா 1969-ல் இந்தச் சட்டத்தால்தான் இங்கே வந்தார், பிள்ளைகளிடம் இதைக் காட்டிச் சொல்லலாமா?" எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று படுகிறது. அதற்கும் வருகிறேன்.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மைப்பேனா பழுதுபார்க்கிறேன். முதலில் சென்னையில், பிறகு அமெரிக்காவில். என்னிடம் வருபவற்றில் பாதிக்குமேல் பழைய அமெரிக்கக் கம்பெனியான எஸ்டர்புரூக்கின் பேனாக்கள். அதனால் பேனாவைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஆனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இது அந்த மேசையில் இருந்த பேனா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அவசரமான கேள்விக்கு முதலில் பதில்: கழுவாதீர்கள். தண்ணீரில் நனைக்காதீர்கள், நிப்பைத் திருகிக் கழற்றாதீர்கள், துணியால்கூடத் துடைக்காதீர்கள். தொழில் பழகிய புதிதில் ஒரு பெரியவர் தன் அப்பாவின் பேனாவைக் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னார். நானும் வழக்கம்போல ஊறவைத்து, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கட்டையில் காய்ந்து கிடந்த மையெல்லாம் போகும்வரை கழுவி, பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அது அப்பா கடைசியாக நிரப்பிய மை" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்தப் பழைய பேனாவையும் "இதன் மை யாருடையது?" என்று கேட்காமல் நான் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனதில்லை. உங்கள் பேனாவின் நிப்பில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

இனி இந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தால் அது கோப்பில் நடந்து முடிந்துவிடும். அமெரிக்காவில் முக்கியமான சட்டமென்றால் விழா எடுத்து, அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களை அழைத்து, அவர்கள் கண்முன்னே பல பேனாக்களால் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். இது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வது வழக்கம். இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர், உங்கள் சீட்டு சொல்லும் 1965-ல் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன். 1964 ஜூலை 2 அன்று இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடியுரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டபோது 75-க்கும் மேற்பட்ட பேனாக்களைப் பயன்படுத்தினார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒன்று போனது, அதைத் தன்னிடமிருந்த மிக அருமையான பொருள்களில் ஒன்றாக அவர் மதித்தார். ஒபாமா 2010 மார்ச் 23 அன்று மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு 22 பேனாக்கள் எடுத்துக்கொண்டார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் லிண்டன் பி. ஜான்சன் என்று எழுத 14 எழுத்துகள். 75 பேனாக்கள் என்றால் ஓர் எழுத்துக்கு ஐந்து பேனாவுக்கு மேல். அதாவது ஒவ்வொரு பேனாவும் ஒரு சுழி, ஒரு சின்னக் கோடு, சில வெறும் ஒரு புள்ளி, அவ்வளவுதான் எழுதியிருக்கும். தேதியையும் இடத்தையும் சேர்த்து எழுதினால் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். பராக் ஒபாமா என்பதில் 11 எழுத்துகள், பேனாக்கள் 22, ஆக சராசரியாகப் பேனாவுக்கு அரை எழுத்து. ஆகவே "இந்தப் பேனாவால் கையெழுத்திட்டார்" என்று சீட்டில் இருக்காது. "பயன்படுத்திய பேனாக்களில் ஒன்று" என்றுதான் இருக்கும். உங்கள் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. நல்ல அறிகுறி. அன்று அச்சான சீட்டுகள் எல்லாம் தேதி, மசோதா எண், சட்டத்தின் நீளமான அதிகாரப்பூர்வப் பெயர் என்று வறட்சியான அலுவலக நடையில்தான் இருக்கும். "வரலாற்றுச் சிறப்புமிக்க" என்பது போன்ற அலங்காரம் இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்து, வெள்ளை மாளிகைப் பேனா எல்லாமே கையொப்பப் பேனா இல்லை. கையெழுத்தின்போது மேசையில் இருந்து எழுதியது ஒரு வகை. அதே அச்சுடன், விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தது இன்னொரு வகை. இது காகிதத்தைத் தொட்டிருக்காது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பெரும்பாலும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டுவிட்டு, எழுதாத பரிசுப் பேனாக்களைத்தான் சுற்றியிருந்தவர்களுக்குக் கொடுப்பார். மூன்றாவது, அருங்காட்சியகக் கடைகளிலும் பரிசுப்பொருள் கடைகளிலும் கிடைக்கும் நினைவுப்பொருள். முதல் இரண்டையும் பேனாவை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. மூன்றாவதைப் பெரும்பாலும் பார்த்தவுடனே தள்ளிவிடலாம்.

உங்களுடையது மூன்றாவது வகை இல்லை என்பது என் கணிப்பு. காரணம், பேனாவே. கென்னடி, ஜான்சன் காலத்துக் கையொப்பப் பேனாக்களில் பரவலாகக் காண்பது எஸ்டர்புரூக் கம்பெனியின் இந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் பேனாதான். உங்களுக்கு இன்னொரு மகிழ்ச்சி: அந்தக் கம்பெனி உங்கள் மாநிலத்துக் கேம்டன் ஊர்க்காரர்கள். 1858-ல் ரிச்சர்ட் எஸ்டர்புரூக் தொடங்கியது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் அலுவலகம், வங்கி, பள்ளி எங்கே போனாலும் அவர்களுடைய எஃகு நிப்புதான். தங்க நிப்பு இல்லையே என்று ஏமாற வேண்டாம். நாட்டின் மிகப் பெரிய சட்டங்களெல்லாம் கடைக்காரர் கணக்கெழுதும் அதே எஃகு நிப்பால்தான் எழுதப்பட்டன. எனக்கு அதில் எப்போதுமே ஒரு சந்தோஷம்.

எஸ்டர்புரூக் நிப்பின் மேல் நான்கு இலக்க எண் இருக்கும். பேனாவைக் கழற்றாமல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். 1-ல் தொடங்கினால் மலிவான வரிசை, 2-ல் தொடங்கினால் நடுத்தரம், 9-ல் தொடங்கினால் முனையில் கடினமான உலோகம் வைத்த உயர்ந்த வரிசை. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், ஆனால் அதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏனென்றால் இவர்களுடைய நிப்புகள் பெரும்பாலும் திருகி மாற்றக்கூடியவை. அதுதான் அவர்கள் வியாபாரத்தின் பலமே. அறுபது வருடத்தில் எத்தனை கை மாறியதோ, யாராவது எழுதிப்பார்க்க ஆசைப்பட்டு வேறு நிப்பைப் பொருத்தியிருக்கலாம். பேனா அசல், நிப்பு வேறு என்ற நிலை நான் அடிக்கடி பார்ப்பது.

இப்போது சீட்டுக்கு வருவோம். உண்மையில் பேனாவைவிட இந்தச் சீட்டுதான் முக்கியம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். தட்டச்சு செய்ததென்றால் எழுத்துகள் காகிதத்தில் கொஞ்சம் அழுந்தியிருக்கும், பின்பக்கம் விரலால் தடவினால்கூடத் தெரியலாம். அச்சடித்ததென்றால் மை காகிதத்துக்குள் இறங்கி, ஓரங்கள் சீராக இருக்கும். இன்றைய லேசர் பிரிண்டரில் எடுத்ததென்றால் கறுப்புப் பொடி காகிதத்தின் மேல் உட்கார்ந்து மினுமினுக்கும், எழுத்தைச் சுற்றித் தூசிபோலச் சிதறல் இருக்கும். இங்க்ஜெட் என்றால் மை இழைகளில் கசிந்திருக்கும். கடைசி இரண்டில் ஒன்று என்றால் சீட்டு பிற்காலத்தது, சந்தேகமே இல்லை. புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லி ஒருவர் உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் போலி என்பது அவர் கருத்து. 1920-ம் வருடத்துக் காகிதத்துக்கு அது சரி. ஆனால் வெண்மையூட்டும் ரசாயனங்கள் 1950களிலேயே காகிதத்தில் பரவலாக வந்துவிட்டன. 1965-ன் சீட்டு ஒளிர்ந்தாலும் அது ஒன்றையும் நிரூபிக்காது.

சீட்டில் உள்ள விவரங்கள் சரியாகவே இருக்கின்றன. எச்.ஆர். 2580 என்பது 1965-ன் குடியேற்றச் சட்டம், பொதுச் சட்டம் 89-236. அதைக் கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் இமானுவேல் செல்லர், பிலிப் ஹார்ட் இருவர் பெயராலும் அழைப்பார்கள். ஜான்சன் அதில் கையெழுத்திட்டது வெள்ளை மாளிகையில் இல்லை, நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையின் காலடியில். அக்டோபர் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த மாதிரிச் சரிபார்ப்பில் போலிகள் மாட்டிக்கொள்வதுண்டு. உதாரணத்துக்கு, இதற்கு முந்தைய 1952-ன் மெக்காரன் வால்ட்டர் குடியேற்றச் சட்டத்தின் கையொப்பப் பேனா என்று யாராவது விற்க வந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அன்றைய அதிபர் ட்ரூமன் அந்த மசோதாவை நிராகரித்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. அதிபர் கையெழுத்தே இல்லாத சட்டத்துக்குக் கையொப்பப் பேனா எப்படி வரும்? வாங்கும் முன் அதிபர் உண்மையிலேயே கையெழுத்திட்டாரா, எங்கே, எந்த நாளில் என்பதைப் பார்த்துவிடுவது பெரிய வேலை இல்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அசல் பேனா, அசல் சீட்டு இரண்டும் இருந்தாலும், இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமானவைதானா என்பது தனிக் கேள்வி. ஒரே அச்சு, ஒரே வடிவம் என்பதால், ஒரு சாதாரண மசோதாவின் பேனாவையோ எழுதாத பரிசுப் பேனாவையோ ஒரு பெரிய சட்டத்தின் சீட்டோடு சேர்த்துவிட யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மையைச் சோதித்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். அன்று மேசையிலிருந்த எல்லாப் பேனாவுக்கும் ஒரே மையே போயிருக்கும், அதே மை மற்ற விழாக்களுக்கும் போயிருக்கும். கையெழுத்திட்ட மூலப் பிரதி வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது, தனியார் பேனாவுக்காக அதிலிருந்து மாதிரி எடுக்க விடமாட்டார்கள். எடுத்தாலும், இந்தப் பேனாதான் இந்தக் கோட்டைப் போட்டது என்று சொல்ல ஒரு மில்லிமீட்டர் மை போதாது. காய்ந்த மை இருப்பது, பேனா ஒருமுறையாவது மையைத் தொட்டது என்பதற்குச் சாட்சி. அதற்கு மேல் இல்லை. இருந்தாலும் உள்ள ஒரே சாட்சியை எதற்குக் கழுவ வேண்டும்?

ஆகவே உங்கள் வேலை இனி பேனாவில் இல்லை, அந்தப் பெண்மணியின் வீட்டில். அவர் யார்? அவரோ கணவரோ 1965-ல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் வேலையா, குடியேற்ற வழக்கறிஞரா, தொழிற்சங்கமா, அகதிகளுக்கு உதவிய தேவாலய அமைப்பா? எஸ்டேட் சேல் நடத்தியவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள். குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை பேசமுடியுமா என்று கேளுங்கள். உறை ஒன்று, வெள்ளை மாளிகைத் தலைப்பிட்ட கடிதம், அன்று எடுத்த புகைப்படம், அழைப்பிதழ், எது கிடைத்தாலும் அது பேனாவைவிடப் பெரிய சொத்து. நீங்கள் வாங்கிய புத்தகங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். கடிதங்களைப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துபோகாத வீடு உண்டா? இதை இன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் விற்காத மிச்சத்தை இவர்கள் சில நாளில் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெயர் கிடைத்தால், டெக்சாஸ் ஆஸ்டினில் உள்ள ஜான்சன் நூலகத்துக்கு எழுதுங்கள். ஜான்சன் எந்த நாளில் எங்கே இருந்தார், யாரைச் சந்தித்தார் என்று அவருடைய அலுவலர்கள் எழுதிவைத்த தினசரிக் குறிப்பு அங்கே இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். குறிப்பிட்ட பெயரில் வெள்ளை மாளிகைக் கடிதப் போக்குவரத்து உண்டா என்று அங்குள்ள ஆவணக்காரர்கள் தேடிச் சொல்வார்கள். உங்கள் பேனா அசல் என்று சான்றளிக்கவோ மதிப்பிடவோ மாட்டார்கள். அது அவர்கள் வேலை இல்லை, அப்படிக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: விழாவுக்கு வராதவர்களுக்கும் பேனாக்கள் பிறகு தபாலில் போயிருக்கின்றன. அதனால் அன்றைய பட்டியலில் பெயர் இருந்தால் பெரிய பலம், இல்லாவிட்டால் அதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட முடியாது.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜான்சன் கையெழுத்திட்ட சட்டங்கள் ஏராளம், விழாப் பேனாக்களும் ஏராளம். யாருக்கும் நினைவில்லாத மசோதாவின் பேனா பெரிய விலை போகாது. சட்டம் என்ன, யாருக்குக் கொடுத்தது, கூட வரும் காகிதம் என்ன என்ற மூன்றும்தான் விலையை ஏற்றும், பேனாவின் பளபளப்பு ஏற்றாது. சட்டம் பிற்பாடு செல்லாமல் போனால்கூடப் பேனாவின் மதிப்பு போய்விடாது: 1996-ல் செலவினங்களைத் தனித்தனியாக ரத்துசெய்யும் அதிகாரச் சட்டத்துக்கு கிளிண்டன் பயன்படுத்திய நான்கு பேனாக்கள், அப்படியொரு அதிகாரத்தை விரும்பிய நான்கு முன்னாள் அதிபர்களுக்குப் போயின. 1998-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஆனாலும் அந்த நான்கில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பவர்கள் விடுவார்களா? உங்களுடையதற்கு விலை பார்க்க வேண்டுமென்றால், விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்து அசல் சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்களுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பு: பேனா, சீட்டு, பெட்டி மூன்றையும் ஒன்றாகவே வையுங்கள். சீட்டை லேமினேட் செய்யாதீர்கள், பசையோ டேப்போ வேண்டாம். அமிலமற்ற காகித உறை வாங்கி அதில் போடுங்கள். பழைய அட்டைப் பெட்டி அமிலம் விடும், ஆகவே பேனாவுக்கும் அட்டைக்கும் நடுவில் அமிலமற்ற மெல்லிய தாள் ஒன்று இருக்கட்டும். பிளாஸ்டிக் உடலில் ஆல்கஹால் படக்கூடாது, விரிசல் விடும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சீட்டின் எழுத்து மங்கிவிடும். கடலோரத்து ஈரப்பதமும் எஃகு நிப்புக்கு ஆகாது, துருப்பிடிக்கும்.

சரி, பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம்? இந்தச் சட்டத்துக்கு முன்பு இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். ஆமாம், நூறு. அதுவும் 1946-ல் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ் செல்லர் சட்டத்தால்தான் கிடைத்தது, அதற்கு முன் அதுவும் இல்லை. பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தள்ளும் அந்த ஒதுக்கீட்டு முறையை 1965-ன் சட்டம் எடுத்துவிட்டு, குடும்ப உறவையும் தொழில்திறனையும் பார்க்கச் சொன்னது. 1965 டிசம்பர் 1 முதல் கொஞ்சம் கொஞ்சமாகவும், 1968 ஜூலை 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்தது. இந்தியா போன்ற ஒரு நாட்டுக்கு உச்சவரம்பு வருடத்துக்கு 20,000. உங்கள் அப்பா 1969-ல் பொறியாளராக வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தொழில் வல்லுநர்களுக்கென்று வைத்த மூன்றாம் முன்னுரிமையில் வந்திருந்தால், அவர் நேராக இந்தச் சட்டத்தின் வாசல் வழியாக வந்தவர். வேடிக்கை என்னவென்றால், கையெழுத்திட்ட அன்று ஜான்சனே இது புரட்சிகரமான சட்டம் இல்லை, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையை இது தொடாது என்றுதான் பேசினார். இன்று நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிபோர்னியாவின் சன்னிவேலிலோ தமிழ்ப் பள்ளி வாசலில் சனி, ஞாயிறுகளில் நின்று பார்த்தால் தெரியும், அவர் எவ்வளவு குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று.

ஆகவே சட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லுங்கள், அதில் ஐயமில்லை. பேனாவைப் பற்றிச் சொல்லும்போது "அன்று பயன்படுத்திய பேனாக்களில் ஒன்று என்று இந்தச் சீட்டு சொல்கிறது, இதை வைத்திருந்தவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் தேடச் சொல்லுங்கள், தினசரிக் குறிப்பைப் படிக்க அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். அப்புறம், எங்கே, என்று, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி, தேதி போட்டுப் பெட்டியில் வையுங்கள். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டும் அந்தக் காலத்து விசாத் தாள்களும் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். அவற்றுக்கும் அதே அமிலமற்ற உறைதான், அதே பெட்டியில் இடமிருந்தால் அங்கேயே. விசாவில் எந்த முன்னுரிமை என்று குறித்திருப்பார்கள். அதைப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மூன்றாவதுதானா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.